மூச்சை அறிதலும் மூச்சை ஏவுதலும்

தியானத்திற்குப் புதிதாக அமரும் உபாசகர் பலர் முதல் நாளிலேயே கூறும் முறையீடு ஒன்றுண்டு. "கவனியாதிருந்தபோது மூச்சு தானே ஓடிற்று, கவனிக்கத் தொடங்கியதும் நானே அதனை இழுத்துவிட வேண்டியதாயிற்று, நான் கைவிட்டால் நின்றுபோகுமோ என்று அஞ்சுகிறேன்" என்பர். இதனைக் கேட்டு நகைத்தல் தகாது. இவ்வச்சத்தால் எழுந்து சென்று மீண்டும் வாராதாரும் உளர். ஆதலின் இதன் காரணத்தை ஆராய்வோம்.

உடலின் தொழில்களிற் சில நம் ஏவலைக் கேளா. நில் என்றால் இதயம் நில்லாது. சில நாம் ஏவினாலன்றி நிகழா. கை தானாக எழுதாது. மூச்சும் இமைப்பும் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பன. இமைப்பு எளியது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை இமை மூடித் திறக்கிறது. இடையே தோன்றும் இருளை மூளை நமக்குக் காட்டுவதில்லை. (இவ்வரியைப் படிக்கும் அன்பர் இப்போது தம் இமையை உணர்ந்திருப்பார். சற்று நேரத்தில் மறந்துவிடுவார். இமையோ தன் தொழிலை மறவாது.)

மூச்சின் செய்தி இதனினும் ஆழமானது. மூளையின் அடியில், தண்டுவடம் தொடங்குமிடத்தில், முகுளம் என்னும் பகுதி உளது. ஓய்ந்திருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சை நடத்துவது அதுவே. குருதியிற் கரியமில வாயு மிகுந்தால் அது மூச்சை விரைவுபடுத்தும். பேசவும் பாடவும் மூச்சை அடக்குவதோ பெருமூளையின் ஏவல். இவ்விரண்டு ஆணைகளும் தண்டுவடத்தில் வெவ்வேறு பாதைகளில் இறங்குகின்றன.

இதற்கு நோயாளர் சிலரே சான்றாயினர். 1962இல் செவரிங்ஹாஸ், மிட்செல் என்னும் இரு மருத்துவர், கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் அறுவை செய்யப்பெற்ற மூவரைப் பற்றி எழுதினர். 'மூச்சு விடுக' என்றால் அவர்கள் விட்டனர். சொல்லாதபோது விழித்திருந்தும் நெடுநேரம் விடாதிருந்தனர். உறக்கத்திற் கருவியின் துணை வேண்டியிருந்தது. தானே இயங்கும் பாதை பழுதுற்று, ஏவலின் பாதை மட்டும் எஞ்சியிருந்தது.

நம் உபாசகர் அஞ்சுவது இந்நிலையையே. ஆனால் நலமுடைய உடலில் அது நேராது. ஏவல் விலகிய அக்கணமே முகுளம் பணியை ஏற்கிறது. ஒருவர் எத்துணைப் பிடிவாதமாக மூச்சை அடக்கினாலும் கரியமில வாயு பெருகி அவர் உறுதியைக் கலைத்துவிடும். (நீருள் இதனைச் சோதித்தல் உயிருக்கு ஆபத்து.)

இனி மஜ்ஜிம நிகாயத்தின் 118ஆம் சூத்திரமாகிய ஆனாபானசதி சூத்திரத்தை நோக்குக. அதன் 16 படிகளில் முதல் இரண்டிற்கும் பகவான் ஆண்ட வினைச்சொல் 'பஜானாதி', அதாவது அறிகிறான் என்பது. மூன்றாம் படி முதலே 'சிக்கதி', அதாவது பயில்கிறான் என்பது வருகிறது. தொடக்கத்தில் மூச்சை நீட்டுக என்றோ குறுக்குக என்றோ கட்டளையில்லை. நெடிதாயின் நெடிதென்றும், குறிதாயின் குறிதென்றும் அறிதலே பணி. பிராணாயாமம் பழகியவர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் பிடிபடுவதில்லை. அவர்தம் கை எப்போதும் கடிவாளத்திலேயே இருக்கும்.

அநாத்மக் கோட்பாட்டை ஏட்டிற் கற்று ஐயுறுவோரும் இங்குச் சற்று நிற்கலாம். 'நான் மூச்சு விடுகிறேன்' என்கிறோம். நேற்றிரவு நாம் உறங்குகையில் விட்டவர் யார்?

பயிற்சியில் ஏவல் கலந்துவிட்டால் அதனோடு போராட வேண்டா. 'ஏவல் கலந்தது' என்று அதனையும் அறிந்தாற் போதும். வெளிமூச்சு முடிந்தபின் அடுத்ததை இழுக்காமற் காத்திருங்கள். அது தானே வரும். வருவதைக் காண்பதே இவ்வாரப் பயிற்சி. மூன்றாம் படியை அடுத்த பாடத்திற் காண்போம்.