நெற்பயிரும் உலோக நஞ்சும் – பாசன முறை பற்றிய ஒரு பாடம்

மகசூலைக் கருதியே நெல்லுக்கு நீர் கட்டுகிறோம். ஆனால் வயலில் நீர் நிற்கும் நாட்களும் மண் காயும் நாட்களும் அரிசியின் தூய்மையையும் நிர்ணயிக்கின்றன. தாமல் ஏரியின் கீழும் கிணறுகளின் கீழும் பயிரிடும் அங்கத்தினர்களும், அரிசி வாங்கி உண்ணும் நெசவாள அங்கத்தினர்களும் இதனை அறிதல் அவசியம்.

நமது பாலாற்றுப் பகுதிக்கு இது புதிய விஷயமன்று. ஆற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் கழிவால் நிலமும் நீரும் கெட்டது குறித்து உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது.

நஞ்சுகள் மூன்று

ஆர்சனிக் என்னும் பாஷாணம் மண்ணிலுள்ள இரும்புத் துருவைப் பற்றி நிற்பது. நீர் தேங்கி மண்ணில் காற்று அற்றுப்போனால் துரு கரையும்; ஆர்சனிக்கும் விடுபடும். நெல்வேர் மணற்சத்தை உறிஞ்சும் வழியிலேயே இதுவும் பயிருக்குள் ஏறிவிடுகிறது. மேற்கு வங்காளத்தில் 1983-இல் குழாய்க் கிணற்று நீரில் இது கண்டறியப்பட்டது. அத்தகைய நீர் பாயும் கோடை நெல்லிலும் இது சேர்கிறது.

காட்மியம் இதற்கு நேர்மாறானது. நீர் நிற்கையில் கந்தகத்துடன் கூடிக் கரையாது கிடக்கும். வயலை வடித்தால் கரைந்து வேரில் ஏறும். ஜப்பானில் ஜின்ஸு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு கலந்த நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டோர் எலும்பு நோயால் வருந்தினர். அந்நாட்டு அரசு 1968-இல் அதனை மாசினால் வந்த நோய் என ஏற்றுக்கொண்டது.

குரோமியமோ, நீர் நின்ற, தழையுரம் மிக்க மண்ணில் பெரும்பாலும் கரையாத வடிவை அடையும். மண் நன்கு காய்ந்தால் அதில் ஒரு பகுதி மீண்டும் நச்சு வடிவம் பெறக்கூடும்.

ஆகவே எல்லா வயலுக்கும் ஒரே விதி பொருந்தாது. முதலில் பரிசோதனை, பின்னரே நீர் முறை.

செய்யத் தக்கவை

1. வயலில் பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, கிணற்று நீருடன் பரிசோதனைக்கு அனுப்புக. சாதாரணச் சத்துப் பரிசோதனை போதாது; உலோகப் பரிசோதனை வேண்டுமெனத் தனியே கோருக.

2. ஆர்சனிக் மிகுந்த வயலில் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ நன்று. துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கியபின் 5 செ.மீ. உயரத்திற்கு நீர் கட்டுக. பூக்கும் பருவத்தில் காயவிடலாகாது. நீர்ச் செலவும் குறையும்.

3. காட்மியம் மிகுந்த வயலில், கதிர் வெளிவருவதற்கு முன் மூன்று வாரமும் பின் மூன்று வாரமும் நீர் தேக்கி வைத்திடுக. ஜப்பானிய உழவர் கைக்கொள்ளும் முறை இதுவே.

4. சில சாயங்களில் குரோமியமும் செம்பும் உண்டு. சாயப் பட்டறைக் கழிவு நீர் பாசனக் கால்வாயில் சேராதவாறு நெசவாளர்கள் காக்க வேண்டும்.

5. சமையலில், தூய நீரை மிகுதியாக வைத்துக் கஞ்சி வடித்தால் ஆர்சனிக்கின் ஒரு பகுதி நீங்கும். சில சத்துக்களும் உடன் போகும். காட்மியம் இவ்வாறு எளிதில் நீங்காது. அதனை வயலிலேயே தடுக்க வேண்டும்.

கூட்டுறவின் கடமை

ஒரே மதகின் கீழுள்ள வயல்களில் ஒருவர் நீர் தேக்க, அடுத்தவர் வடிக்க முனைந்தால் இருவர் நோக்கமும் கெடும். நீர் விடும் நாளை ஒரு மடையாளர் அனைவரும் கூடி முடிவு செய்ய வேண்டும். பரிசோதனைச் செலவும் தனியொருவருக்குப் பாரம். பலர் பகிர்ந்தால் இலேசு. அடுத்த நடவுக்கு முன் ஒவ்வொரு மதகுக்கும் ஒரு மாதிரியேனும் அனுப்புவதென அங்கத்தினர்கள் பொதுக்கூட்டத்தில் தீர்மானிக்கலாம். நாம் விளைவிக்கும் அரிசியை முதலில் உண்பவர் நம் குழந்தைகளே அல்லவா?