எத்தனை தப்பியது?

நீங்கள் மும்பை தாராவியில் ஏ.சி. மெக்கானிக்கிடம் கைவேலை பழகியவராக இருக்கலாம், மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ.யில் டிப்ளமோ முடித்தவராக இருக்கலாம். மருந்து ஆலையிலோ மருத்துவமனையிலோ பராமரிப்பு வேலைக்குப் போனால் "இந்த பில்டர் 90 சதவீதம்" என்று யாராவது சொல்வார்கள். தலையாட்டாதீர்கள். "எந்த அளவுத் துகளில்?" என்று கேளுங்கள்.

காற்று பில்டருக்கு முன்னும் பின்னும் துகள்களை எண்ணித்தான் திறனைக் கணக்கிடுகிறார்கள். பெரிய தூசி நாரில் மோதி நின்றுவிடும். மிக நுண்ணிய துகள் காற்று மூலக்கூறுகளிடம் இடிபட்டு, தள்ளாடித் தள்ளாடி எங்காவது ஒரு நாரில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கிற, சுமார் 0.3 மைக்ரான் துகள்தான் சுலபமாக நழுவும். ஆகவே அந்த அளவில் எடுத்த எண்ணே நம்பத்தக்கது. ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் தரப்படி மெர்வ் 13 பில்டர் 3 முதல் 10 மைக்ரான் வரை குறைந்தது 90 சதவீதம் பிடிக்க வேண்டும், 0.3 முதல் 1 மைக்ரான் வரை 50 சதவீதம் பிடித்தாலே போதும். விற்பவர் எந்த எண்ணைச் சொல்வார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

பிடித்ததை விடத் தப்பியதைக் கணக்கிடுவது நல்லது. 95 சதவீதத்தில் பத்தாயிரத்துக்கு 500 துகள் தப்பும். ஹெபா எனும் உயர்திறன் பில்டரில் எச்13 வகையின் 99.95 சதவீதத்தில் தப்புவது 5. நூறு மடங்கு வித்தியாசம்!

சில பில்டர்களின் நாரில் மின்னேற்றம் இருக்கும். புதிதில் நன்றாகப் பிடிக்கும், நாளாக ஆகத் திறன் இறங்கும். 2016இல் வந்த ஐ.எஸ்.ஓ. 16890 தரம் அந்த மின்னேற்றத்தை நீக்கியும் சோதிக்கச் சொல்கிறது. சோதனை அறிக்கையில் மின்னேற்றம் நீக்கிய பிறகு வந்த எண்ணைத் தேடுங்கள்.

ஆலைச் சான்றிதழோடு ஹெபா வேலை முடியாது. காஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் காற்று பில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பொருத்திய இடத்திலேயே பி.ஏ.ஓ. எண்ணெய்ப் புகை விட்டு, புகையின் அளவைக் காட்டும் போட்டோமீட்டரைப் பின்பக்கம் விளிம்பு முழுக்க நகர்த்திப் பார்க்க வேண்டும். பில்டர் புதிதாக இருக்கும்போதே அழுத்த வேறுபாட்டைப் பாஸ்கலில் குறித்து வையுங்கள். எப்போது மாற்றுவது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

செம்பூரில், மாஹுல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம், "ஹெபா போட்டால் வாடை போகுமா?" என்று கேட்பார்கள். போகாது. வாடை வாயு, அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். ஹெபாவை மட்டும் மாட்டிவிட்டு வந்தால் அடுத்த வாரமே போன் வரும்.