பழி காரத்துக்கு, வேலை பாக்குக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் யாருக்காவது உணவுக்குழாயில் புற்றுநோய் என்றால், பழி முதலில் காரக்குழம்பின் மேல் விழும். அடுத்து பஸ் ஸ்டாண்டு டீயின் மேல். காரத்துக்கு எதிராக உறுதியான சான்று இல்லை. டீ விஷயத்தில் பாதி உண்மை உண்டு. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் சொன்னது. குற்றம் சூட்டினுடையது, டீத்தூளினுடையது அல்ல. நன்றாக ஆற்றிக் குடித்தால் போதும். அதோடு, 2018இல் வெளியான பெரிய சீன ஆய்வில், சுடச்சுட டீ குடித்தவர்களில் மதுப்பழக்கமோ சிகரெட் பழக்கமோ உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து தெளிவாகக் கூடியிருந்தது.

அப்படியென்றால் டீக்கடையில் விசாரிக்க வேண்டியது டம்ளரை அல்ல, வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பாக்குப் பொட்டலங்களை. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் 1993 முதல் 1999 வரை ஆண்களிடம் நடந்த ஆய்வில் உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகள் மட்டும் 566 பேர். புகைத்தல், மெல்லுதல், குடித்தல் மூன்றும் தனித்தனியாகவே ஆபத்தைக் கூட்டின; சேர்ந்தபோது இன்னும் அதிகமாக. "புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்" என்பார்கள். பாக்கே புற்றுக்காரணி என்று 2004இலேயே முடிவாகிவிட்டது. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் உணவுக்குழாயைத் தாக்கும் என்பது 2012இல் உறுதியானது. தாத்தா எண்பது வயது வரை போட்டாரே என்றால், போட்டு ஐம்பத்தைந்தில் போனவரை யாரும் உதாரணம் காட்டுவதில்லை, அவ்வளவுதான். குடிப்பவர்கள் சொல்லும் சமாதானம், கடைச் சரக்கு பாதுகாப்பானது என்பது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் பலரைக் கொன்ற பின் அப்படித் தோன்றுவது இயல்பு. அங்கே கொன்றது மெத்தனால், உடனே தெரிந்தது. டாஸ்மாக் பாட்டிலில் இருக்கும் எத்தனாலோ உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி, வருடக்கணக்கில் செல்களைக் கெடுக்கிறது. பீரானாலும் பிராந்தியானாலும் இதில் வித்தியாசமில்லை.

மேல்நாட்டில் உடல் பருமனும் நெஞ்செரிச்சலும்தானே காரணம் என்று படித்தவர்கள் கேட்பார்கள். அங்கே பெருகிவருவது குழாயின் அடிப்பகுதியில் வரும் அடினோகார்சினோமா; அதற்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் உலகில் 2022இல் புதிதாக நோய் கண்ட சுமார் 5 லட்சம் பேரில் பெரும்பாலோருக்கு வந்தது ஸ்குவாமஸ் வகை. நம் ஊரிலும் அதுவே அதிகம். எனவே நெஞ்செரிச்சல் இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. இட்லி இறங்குகிறது, சோறு நெஞ்சில் நிற்கிறது, கவளத்துக்குக் கவளம் தண்ணீர் தேவைப்படுகிறது என்றால், மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கியே மாதங்களைக் கடத்தக் கூடாது. அப்போது தேவை எண்டோஸ்கோப்பி. இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது.