முகாம்வாசிக்குக் காப்பீட்டு அட்டை எப்படி?

கேள்வி: சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் அம்மாவுக்குத் துணையாக இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து வந்த இலங்கைப் பாட்டி. அவரிடமும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை! நாங்கள் வருமானச் சான்று வாங்கித்தான் எடுத்தோம். அவரிடம் அதைக் கேட்கவே இல்லையாம். குடியுரிமை இல்லாதவருக்கு இது எப்படி? ஐ.நா. பணம் கட்டுகிறதா?
– ஒரு வாசகர், கோரைக்குப்பம், பழவேற்காடு

பதில்: துணைக்கு இருந்த நேரத்தில் பக்கத்துக் கட்டிலின் அட்டை வரை கவனித்திருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஐ.நா. கட்டவில்லை. அகதிகளின் உரிமைகளை வரையறுக்கும் 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. இலங்கைத் தமிழர் முகாம்களை நடத்துவது தமிழ்நாடு அரசு. காப்பீட்டுக்கான பிரீமியம், அதாவது சந்தா, அரசுப் பணம்.

குடியுரிமை இல்லையென்றால் உரிமையே இல்லை என்பதும் சரியல்ல. அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, உயிர் வாழும் உரிமையை இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் தருகிறது. அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு, மேற்கு வங்கத்து விவசாயத் தொழிலாளர் ஒருவரின் வழக்கில், அவசர சிகிச்சை தர அரசு மருத்துவமனை தவறுவது இதே பிரிவை மீறுவதாகும் என்றது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், கட்டில் எப்படிக் கிடைத்தது என்பது புரியும்.

அட்டை வேறு கதை. அது நீதிமன்றம் தந்ததல்ல, மாநில அரசின் முடிவு. உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாமில் இருப்போருக்கு அந்த வரம்பு கிடையாது. அரசே பெயரெழுதி, தலை எண்ணி, மாதந்தோறும் உதவித்தொகை தரும் குடும்பத்திடம் வருமானச் சான்று கேட்பது வீண் வேலை என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம். ஆதாரும் தடையில்லை. அது குடியுரிமைச் சான்றல்ல, வசிப்பவருக்குத் தரும் எண். உங்கள் பங்கு குறையுமோ என்ற கவலையும் வேண்டாம்: ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிக் கணக்கு.

உங்கள் ஏரியில் பாடு, அதாவது மீன்பிடிக்கும் முறை, கிடைக்க வேண்டுமானால் ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் அல்லவா? இங்கும் எல்லாம் பதிவேட்டில்தான். அதே இலங்கையிலிருந்து வந்து, காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாடகை வீட்டில் இருப்பவரை ‘வெளிப்பதிவு’ என்பார்கள். முகாமுக்கென்று சொன்ன வருமானத் தளர்வு அவருக்கு இல்லை. பாட்டிக்கு வாய்த்தது முகாம் முகவரி.

ஐ.நா. தரும் அகதி அட்டை வைத்திருப்பவர்களும் இங்கே உண்டு. சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருக்கும் ரோஹிங்கியாக் குடும்பங்கள். காய்ச்சல் வந்தால் அரசு மருத்துவமனையில் காட்டலாம். ஆனால் மாநில அரசின் மறுவாழ்வு முகாம் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. உங்கள் பக்கத்துக் கட்டிலில் பார்த்த சலுகையும் இல்லை.