ரயில் எஞ்சின் அப்ரண்டிஸும் அமெரிக்கா கோப்பையும்



யாட் எனும் பாய்மரப் படகுப் போட்டி என்றதும், "அது பணக்காரன் விளையாட்டு, நமக்கு எதுக்குடா?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டிப்ளமோ சேர்ந்த அன்று, "ஏன், பி.இ. கிடைக்கலையா?" என்று உறவினர் ஒருவர் கேட்ட கேள்வி என் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. இந்த வரலாற்றைப் படித்ததும் அந்த முள் கொஞ்சம் மழுங்கிப்போச்சு!

1851-ல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் 'அமெரிக்கா' என்ற படகு வென்றது. கோப்பைக்கும் அதன் பெயரே நிலைத்தது. நியூயார்க் யாட் கிளப்பிடமிருந்து அதை யாராலும் பறிக்க முடியவில்லை. தேயிலை வியாபாரி சர் தாமஸ் லிப்டன் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை மோதினார், ஐந்தும் தோல்வி!

1983-ல் வந்தது 'ஆஸ்திரேலியா 2'. வடிவமைத்தவர் பென் லெக்ஸன். 14 வயதில் பள்ளியை விட்டு, ரயில் எஞ்சின் மெக்கானிக் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்!

அவர் செய்தது என்ன? காற்று பாயில் மோதும்போது படகு சாயும், பக்கவாட்டிலும் நகரும். இரண்டையும் தடுப்பது அடியில் உள்ள கனமான கீல். வழக்கமான கீல் கீழே போகப்போகக் குறுகும். லெக்ஸனின் கீல் கீழே அகன்றது; நுனியில் இரண்டு ஈய இறக்கைகள் வேறு! பலன் இரண்டு:

1. எடை அடியில் சேர்வதால் ஈர்ப்பு மையம் தாழ்கிறது. படகு எளிதில் சாயாது.

2. கீலின் இரு பக்க அழுத்த வேறுபாட்டால் நுனியில் எழும் நீர்ச்சுழல் குறைகிறது, இழுவையும் குறைகிறது.

ஹாலந்தின் வாகனிங்கன் சோதனைத் தொட்டியில் மாடல் வைத்துச் சோதித்தார்கள். (டச்சுப் பொறியாளர்களின் பங்கே பெரிது என்ற வாதமும் பின்னாளில் எழுந்தது.) கரையில் தூக்கும்போதெல்லாம் கீலைத் துணியால் மூடி மறைத்தார்கள்!

நியூபோர்ட்டில் ஏழு பந்தயங்கள். எதிரே டென்னிஸ் கானரின் 'லிபர்ட்டி'. 1–3 எனப் பின்தங்கிய ஜான் பெர்ட்ரண்ட் குழு, செப்டம்பர் 26-ல் 4–3 என வென்றது. 132 ஆண்டு ஆதிக்கம் சரிந்தது! கானரும் சும்மா இருக்கவில்லை. 1987-ல் ஃப்ரிமேண்டில் போய்க் கோப்பையை மீட்டார். பிறகு 2017, 2021, 2024 என மூன்று முறை தொடர்ந்து வென்றது நியூசிலாந்து. இப்போதைய படகுகள் நீருக்கடி இறக்கைகளால் தண்ணீருக்கு மேலேயே எழும்பிப் பறக்கின்றன.

நண்பர்களே, ஈர்ப்பு மையமும் இழுவையும் நம்ம பாடப்புத்தகத்திலும் இருக்கின்றன. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடாதீர்கள். "டிப்ளமோதானே?" என்று யாராவது கேட்டால், எஞ்சின் பட்டறையில் தொடங்கிய லெக்ஸனின் கதையைச் சொல்லுங்கள்!