மாண்டலினும் கமகமும்

மேனாட்டுக் கருவியில் சரிகம எழுப்புவது எளிது. தோடியைப் பாடச் செய்வதே அரிது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைவது, அவ்வசைவே கமகம். மாண்டலினைக் கொண்டு இதனை விளக்க முயல்கிறேன்.

மாண்டலினுக்குத் தந்திகள் எட்டு. இரண்டிரண்டாக நான்கு இணைகள். மீட்டியவுடன் நாதம் தேய்ந்துவிடும். இணையைச் சேர்த்து இழுத்தால் இரு தந்திகளும் ஒத்த சுருதியில் நிற்பதரிது. மேனாட்டார் விரைந்து விரைந்து மீட்டி நாதத்தை நீட்டுவர். நம் கமகத்துக்கு அது போதாது.

ஆந்திரத்துப் பாலக்கொல்லில் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்மாண்டலினைக் கைக்கொண்டார். இணைகளுக்குப் பதில் ஐந்து தனித்தந்திகள் அமைத்தார். தனித்தந்தி விரலுக்கு இணங்கிற்று. ஒலிபெருக்கத்தால் தேயும் நாதமும் செவிக்கு எட்டிற்று.

எனினும் கருவியைத் திருத்தியது பாதி வேலையே என்பேன். அவருடைய ஆசிரியர் ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவரல்லர். ஆசிரியர் வாயால் பாட, அதனைச் சிறுவர் தந்தியில் தேடி எடுத்தார். பாட்டே அவருக்கு இலக்கணமாயிற்று.

வேற்றுக் கருவி நம் இசைக்கு ஒவ்வாது என வாதிடும் விடுதி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவர் வாசித்த ஆலாபனை ஒன்றைக் கேளுங்கள். ஒரு மீட்டுக்கும் மறு மீட்டுக்கும் இடையே சுரம் எப்படி அசைகிறதென்று கவனியுங்கள். வாதத்தைப் பிறகு தொடர்வோம்.