கால்நடைகளின் கண்ணோய்களை அறியும் முறை

கடன் பெற்று மாடு வாங்கும் அங்கத்தினர்கள் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றனர், சுழி பார்க்கின்றனர், மடியைத் தடவிப் பார்க்கின்றனர். கண்ணைப் பார்ப்போர் மிகச் சிலரே. ஒரு கண் பழுதான உழவு மாட்டைத் தரகர் என்ன விலைக்குக் கேட்பார் என்பது யாவரும் அறிந்ததே. தவணைத் தொகையோ குறைவதில்லை.

நோயற்ற கண் ஈரப்பசையுடன் பளபளக்கும். இரு கண்களும் ஒரே அளவாகத் திறந்திருக்கும். ஒரு கண்ணை மறைத்து, மறு கண்ணை நோக்கி ஒரு விரலைக் கொண்டு சென்றால் பார்வையுள்ள மாடு இமைக்கும். உள்ளங்கையை வீசிப் பார்த்தல் கூடாது. காற்றுப் பட்டால் குருட்டுக் கண்ணும் இமைத்துவிடும்.

ஒரு மாட்டின் ஒரு கண்ணில் மட்டும் திடீரென நீர் வடிந்தால், உமியோ வைக்கோல் துரும்போ விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும். தொழுவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாடுகளுக்கு நீர் வடிந்து, அவை வெயிலில் கண்ணை மூடிக்கொள்ளுமாயின் அது தொற்றுநோய் எனக் கொள்ளலாம். மொராக்செல்லா என்னும் கிருமியால் வருவது இது. ஈக்கள் பரப்பும்; வெயிலும் புழுதியும் துணை செய்யும்; கன்றுகளை மிகுதியாகத் தாக்கும். சில நாட்களில் கருவிழியின் நடுவே வெண்மை தோன்றும். இதைத்தான் 'பூ விழுந்தது' என்கிறோம். உண்மையில் அது பூவன்று, பெரும்பாலும் புண்ணே. ஆடுகளுக்கும் இத்தகைய தொற்று உண்டு, கிருமி வேறு.

பூவை எடுப்பதாகக் கருதிப் புகையிலையையும் உப்பையும் மென்று கண்ணில் உமிழ்வது இன்னும் சில ஊர்களில் நின்றபாடில்லை. இது புண்ணின்மேல் புண் செய்வதாகும். கடையில் தாமாகவே வாங்கி இடும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் அத்தகையதே. சிவப்பு அடங்கும், புண் ஆழமாகும். மாட்டை நிழலில் தனியே கட்டி, ஈ அண்டாமல் காத்து, அன்றே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தாமதித்தால் விழியே உடையக்கூடும்.

மூன்றாம் இமையின் கீழ் 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்புழுக்கள் நெளிவதும் உண்டு. இழை பார்த்துப் பழகிய நெசவாளர் கண்ணுக்கு இவை தப்பா.

மாலைக்கண் வேறு வகை. கண் தெளிவாகவே தோன்றும். ஆனால் அந்தி மங்கியபின் மாடு தொட்டியில் இடிக்கும், கன்று தடுமாறும். வறட்சியில் பல மாதங்கள் வைக்கோலை மட்டுமே தின்ற மாடுகளுக்கு வைட்டமின் ஏ குறைவால் இது நேர்கிறது. தொடக்கத்தில் அகத்தி, வேலிமசால், பசும்புல் ஆகியவற்றைக் கொடுத்து, மருத்துவர் சொல்லும் வைட்டமினையும் சேர்த்தால் பார்வை மீளும். முற்றிய பின்னர் பசுந்தீவனத்தால் பயனில்லை.